ஃப்ரிட்ஜ் கத்தினால் முதலில் கதவைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜ் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தால் நம் வீடுகளில் யாராவது ஓடிப்போய்க் கதவை ஓங்கிச் சாத்துவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவார்கள். அப்புறம் மெக்கானிக்குக்குப் போன் போகும். இந்த மூன்றிலும் சத்தம் நின்றுவிட வாய்ப்பு உண்டு, ஆனால் எதற்காகக் கத்தியது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போய்விடும், நாலு நாள் கழித்து மறுபடி அதே கச்சேரி. இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அதுதான். அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, பெரும்பாலான நேரம் அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், அதில் நிறைய கதவோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மும்பை செம்பூர் திலக் நகரில் என் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் இந்த ஜூலை மழை தொடங்கியதிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. "ராத்திரி பூரா கத்துது மருமவனே, ஒங்க மாமா எந்திரிச்சு எந்திரிச்சுப் போயி கதவ அமுக்கிட்டு வாராவ" என்று அத்தை போனில் சொன்னபோது அவர்கள் ஏற்கெனவே ஒரு மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்திருந்தார்கள். அவர் முன்னால் நின்று டிஸ்ப்ளேவைப் பார்த்துவிட்டு "போர்ட் கயா", அதாவது ஃப்ரிட்ஜை இயக்கும் மின்னணு போர்டு போச்சு என்று சொல்லி ஆறாயிரத்துச் சொச்சம் கேட்டிருக்கிறார். கதவின் ரப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். மாமா இன்சுலின் போட்டுக்கொள்பவர், அவருடைய இன்சுலின் ஊசிப் பேனாக்கள் எல்லாம் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கின்றன. அதனால் தூக்கம் கெடுவதைவிட, உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

முதலில் ஒரு சின்ன விஷயம், பலர் தாண்டிப் போய்விடுவது. கத்துவது ஃப்ரிட்ஜ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மும்பை சமையலறையில் ஒரு ஆள் திரும்பும் இடத்துக்குள் ஃப்ரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், மைக்ரோவேவ், சில வீடுகளில் ஸ்டெபிலைசர் என்று எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அத்தனையும் பீப் அடிக்கத் தெரிந்தவை. புதுக் கட்டடம் என்றால் கூரையில் இருக்கும் புகை அலாரம் பேட்டரி தீரும்போது அவ்வப்போது ஒற்றைக் குரலில் 'கீச்' என்னும், அதை ஃப்ரிட்ஜ் என்று நினைத்து மாதக்கணக்கில் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சத்தம் வரும்போது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடுங்கள். சத்தம் மாறினால் அதுதான், மாறவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

சரி, ஃப்ரிட்ஜ்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது அது எப்படிக் கத்துகிறது என்று கேட்க வேண்டும். கதவு திறந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் தொடங்கி, கதவை அமுக்கியதும் நின்றுவிட்டால் அது கதவு அலாரம். கதவை அமுக்கினாலும் நிற்காமல், டிஸ்ப்ளேயில் டிகிரி எண் மினுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஏதோ ஒன்று தெரிந்தால் அது பழுதுக் குறியீடு, கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அதற்கு விளக்கம் இருக்கும். டிஸ்ப்ளேயே இல்லாத சாதா மாடலில் சத்தம் வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் கதவுதான், அதற்குப் பெரும்பாலும் வேறு அலாரம் வைத்திருக்க மாட்டார்கள்.

கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்று ஃப்ரிட்ஜுக்கு எப்படித் தெரிகிறது? பழைய மாடல்களில் சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும், கதவு அதை அமுக்கினால் விளக்கு அணையும். இப்போது வருகிற பலவற்றில் பொத்தான் கிடையாது. மேல் கீலுக்குப் பக்கத்தில் மூடிக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவின் மேல் விளிம்பில் ஒரு காந்தம் புதைத்திருப்பார்கள். கதவு மூடும்போது காந்தம் கிட்டே வரும், தகடுகள் ஒட்டிக்கொள்ளும், 'மூடியாச்சு' என்று போர்டுக்குச் செய்தி போகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கதவைத் திறந்து வைத்து, கதவில் அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கும் காந்த பொம்மையில் ஒன்றை எடுத்து, மேல் சட்டத்தில் கீல் பக்கமிருந்து மெதுவாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் உள்விளக்கு சட்டென்று அணையும். அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பிரச்சினை கதவு சரியாக வந்து சேராததில் இருக்கிறது. அலங்கார பொம்மைக் காந்தங்கள் சில ரொம்பச் சோதா, ஒன்றில் அணையவில்லை என்றால் வேறொன்றில் பாருங்கள்.

அத்தை வீட்டில் விளக்கு அணைந்தது. அந்த ஒரு நிமிடத்திலேயே 'போர்டு போச்சு' என்ற பேச்சை நான் நம்புவதை விட்டுவிட்டேன். கதவு மூடியது போலத் தெரிந்தாலும் மேல் முனையில் ஒரு நூல் அளவு விலகி நின்றது, காந்தம் எட்டியும் எட்டாமலும் இருந்தது. கம்ப்ரெஸர் ஓடும் அதிர்வில் அவ்வப்போது தொடர்பு விட்டுப்போகும், அலாரம் தொடங்கும், மாமா எழுந்து போய் அமுக்குவார், நிற்கும்.

ஏன் விலகியது என்பதற்கு ஒரே காரணம் இல்லை, மூன்று நாலு சேர்ந்திருந்தன. கதவுத் தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன, அந்தக் கனத்தில் கதவு கீலிலிருந்து லேசாகத் தொங்கியிருந்தது. நடுத்தட்டில் இட்லி மாவு வைத்த பெரிய தூக்கு, பின்னால் இடமில்லாததால் முன்னால் துருத்திக்கொண்டு கதவுத் தட்டை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது, அதுவும் ராத்திரி மாவு அரைத்து வைத்த நாட்களில் மட்டும். அத்தையிடம் கேட்டபோது "ஆமா, மாவு அரைச்ச அன்னைக்குத்தான் ரொம்பக் கத்துது" என்றார். அப்புறம் தரை. மும்பைப் பழைய வீடுகளில் சமையலறை மூலையில் பாத்திரம் கழுவ மோரி இருக்கும், தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகத் தரையை அந்தப் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜ் நின்றது அந்தச் சரிவின் மேல், அதுவும் முன்பக்கம் தாழ்ந்து. பாதி திறந்த கதவை விட்டால் அது தானாக மூட வேண்டும், இங்கே தானாக இன்னும் திறந்தது.

ஃப்ரிட்ஜின் முன்பக்கக் கால்கள் இரண்டும் திருகினால் ஏறி இறங்குபவை. இது பலருக்குத் தெரிவதில்லை, சிலர் அட்டையை மடித்துக் கீழே சொருகுகிறார்கள். ஒருவர் மேலே பிடித்து லேசாகப் பின்னால் சாய்க்க, இன்னொருவர் காலைத் திருகினால் போதும். பின்பக்கத்தைவிட முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், கதவை முக்கால்வாசி மூடிக் கையை விட்டால் மீதியை அதுவே மூடிக்கொள்ளும் அளவுக்கு. பக்கவாட்டில் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்தாலே தெரிந்துவிடும்.

இனி ரப்பர். டோர் ரப்பர், கேஸ்கட், என்ன பெயர் சொன்னாலும் ஃப்ரிட்ஜில் விலை குறைந்த, வேலை அதிகமான பாகம் இதுதான் என்பது என் கருத்து. மெத்தென்ற பிளாஸ்டிக் உறை, அதற்குள் நீளமாக ஒரு காந்தப் பட்டை, அதுதான் கதவை இழுத்துச் சட்டத்தோடு ஒட்ட வைக்கிறது. அத்தை வீட்டு ரப்பரின் கீழ் மூலையை, கீல் பக்கம், இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் கறுப்பாகப் பூசணம் வரிசையாகப் படர்ந்திருந்தது. அதற்கு நடுவில் காய்ந்து விறைத்த கொத்தமல்லிக் காம்பு ஒன்று, எப்போதோ வழிந்த மாவு ஓடு போல இறுகி, ரப்பரின் உதட்டை உள்பக்கமாக மடக்கி வைத்திருந்தது. வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த இடத்தில் பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தது, மேலே வைத்தால் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இந்த நோட்டுச் சோதனையை நாலு பக்கமும், முக்கியமாக நாலு மூலையிலும் செய்து பாருங்கள். இன்னொரு வழி, ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் காற்றும் கசிகிற இடம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கொஞ்சம் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்க வேண்டும், பிறகு சுத்தத் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். சட்டத்தில் ரப்பர் வந்து ஒட்டும் இடத்தையும் துடையுங்கள், அங்கே பிசுபிசுப்பு இருந்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் பிய்த்துக்கொண்டு வரும். மடங்கிப்போன இடத்தை, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, மெத்தென்று ஆனதும் விரலால் நீவி வெளியே இழுத்து, கதவை மூடி ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கிழிந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவதுதான் நல்லது, உத்தேசமாக வெட்டி ஒட்டும் ரப்பர் மூலையில் எப்போதும் சண்டை போடும்.

மும்பையில் இந்த ரப்பர் விஷயத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இந்த ஊர்க் காற்று. ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். கதவில் நூல் அளவு இடைவெளி இருந்தாலும் அந்த ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஈரம் குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் அந்தக் குளிர்ந்த இடம் ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'காயில்', அதாவது குளிர்விக்கும் வாயு ஓடும் குழாய்ச் சுருள். காயில் மேல் பனி படியும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சின்ன ஹீட்டர் எரிந்து அதை உருக்கும், தண்ணீர் ஒரு துளை வழியாகக் கீழே கம்ப்ரெஸர் பக்கத்துத் தட்டுக்கு வந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வழக்கமான ஈரத்துக்கு இந்த ஏற்பாடு போதும். கதவு கசிந்தால் போதாது. ஹீட்டர் உருக்குவதைவிட வேகமாகப் பனி சேரும், கொஞ்ச நாளில் காயில் முழுக்கப் பனிக்கட்டியாகி, காற்றைத் தள்ளும் ஃபேனுக்கு வழியே இல்லாமல் போகும். ஃப்ரீசரில் ஐஸ் உறையும், ஆனால் கீழே காய்கறி வாடும், பால் திரியும். அப்போதுதான் இரண்டாவது வகை அலாரம், சூடு ஏறிய அலாரம், தொடங்கும். நாம் கதவு அலாரத்தை வாரக்கணக்கில் அமுக்கி அமுக்கி நிறுத்தியதன் விளைவு அது.

அத்தை வீடு அந்தக் கட்டத்தின் வாசலில் நின்றது. டிஸ்ப்ளே 4 என்று காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரணத் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் 10. காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது, பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் காட்டும் சமையலறைத் தெர்மாமீட்டர் வேண்டும். டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை, பல மாடல்களில் அந்த எண் நாம் செட் செய்து வைத்த அளவு, உள்ளே உண்மையில் இருக்கும் அளவு அல்ல. கீழே ஃப்ரிட்ஜ் பகுதி 4 டிகிரிக்குப் பக்கத்திலும், ஃப்ரீசர் மைனஸ் 18லும் இருக்க வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரிவரை. 10 என்பது அதற்கு வெளியே. மாமா உடனே மருந்துக் கடையில் கேட்டு, பயன்பாட்டில் இருந்த பேனாவைத் தவிர மற்றதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினார். வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், அங்கேதான் சூடு அதிகம் ஏறி இறங்கும். பின்சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வைத்தால் சரி.

காயிலில் பனி அடைத்திருந்தால் வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்து, முன்னால் பழைய துண்டுகளைப் போட்டு ஒரு முழுநாள் விட்டுவிடுவது. இரண்டு மூன்று மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பனி போய்விடும், பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டி போகாது, அதனால் அவசரப்படக் கூடாது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துக் குத்தவே கூடாது. காயில் மெல்லிய அலுமினியம், இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ளே ஓடும் வாயு ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜ் கெடுவதோடு முடியாது. உங்களுடையதில் என்ன வாயு என்று உள்சுவரிலோ கம்ப்ரெஸர் மேலோ உள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்.

பனி உருகிய பிறகு மறுபடி போட்டால் சரியான குளிருக்கு வர அரைநாளுக்கு மேல் ஆகும், அதுவரை சூடு அலாரம் அடிப்பது இயல்பு. அடுத்த சில வாரத்தில் கதவெல்லாம் சரியாக இருந்தும் மறுபடி பனி அடைத்தால், அப்போது ஹீட்டரோ அதைப் போட்டு நிறுத்தும் சென்சாரோ கெட்டிருக்கிறது, அது மெக்கானிக் வேலை. அத்தை வீட்டில் அடைக்கவில்லை. ரப்பர், கால், தூக்கு மூன்றும் சரியானதும் அடுத்த காலை டம்ளர் தண்ணீர் 5 காட்டியது, அப்புறம் 4.

டபுள் டோர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கீழ்க்கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே நெருக்கப்பட்ட காற்று ஃப்ரீசர் கதவை லேசாகத் தள்ளித் திறந்துவிடும். நாம் மூடிவிட்டோம் என்று நினைத்துப் போய்விடுவோம், இரண்டு நிமிடம் கழித்து அலாரம். சத்தத்தை நிறுத்த ஓங்கிச் சாத்துகிற வீடுகளில் அந்தச் சாத்தலே அடுத்த சத்தத்துக்குக் காரணம். மெதுவாக மூடி, ஒரு நொடி கையால் அழுத்திவிட்டால் போதும். அதே போல, ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரோ கதவைச் சுற்றியுள்ள சட்டமோ வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடவும், சட்டம் வேர்க்காமல் இருக்கவும் சூடான குழாயை அங்கே ஓட்டியிருப்பார்கள். சுவரோடு ஒட்டி வைத்து அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் செய்வதுதான் தப்பு.

ஒரு தந்திரம் இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது. சத்தம் தொல்லையாக இருந்தால் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கதவு திறக்கும்போது பல மாடல்களில் உள்ஃபேனும் நின்றுவிடும், வெளியே உள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கக் கூடாது என்பதற்காக. காந்தத்தை ஒட்டிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று நினைத்து ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், மழைக்காலக் காற்று நேரே காயிலுக்குப் போகும். விளக்கும் எரியாது, அலாரமும் அடிக்காது, ராத்திரி முழுக்கக் கதவு திறந்து கிடந்தாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கரண்ட் விஷயத்தில் மும்பைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அதனாலேயே கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பழக்கமும் நமக்குக் குறைவு. 2020 அக்டோபர் 12 அன்று காலை கிரிட் விழுந்து ஊரே ஸ்தம்பித்தபோது எங்கள் கட்டடத்தில் பலர் அடிக்கடி ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறக்காமல் விட்டால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம்வரை குளிரைப் பிடித்து வைக்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்கூடத் தாங்கும். கரண்ட் திரும்பியதும் சூடு அலாரம் அடித்தால் அது உண்மையைத்தான் சொல்கிறது, நிறுத்துவதற்கு முன் மினுங்கும் எண்ணைப் பார்த்துவிடுங்கள். பிளக்கை நீங்களாகப் பிடுங்கினாலும் மறுபடி போட ஐந்து நிமிடம் பொறுங்கள், கம்ப்ரெஸருக்குள் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும்.

இதெல்லாம் பார்த்தும் அலாரம் நிற்கவில்லை, அல்லது குறியீடு தெரிகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடுவதற்கு முன் உள்சுவர் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் டிஸ்ப்ளேயையும் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த நேரத்தில் கத்துகிறது, கதவை அமுக்கினால் நிற்கிறதா என்பதையும் சொல்லுங்கள். சென்சார் போச்சு என்று அவர் சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். குளிரக் குளிர மின்தடை ஏறும் சின்னப் பொருள் அது, ஐஸ் தண்ணீரில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் எண் ஏறுவது உங்கள் கண்ணுக்கே தெரியும், ஏறாமல் நின்றால் கெட்டுவிட்டது. போர்டு போச்சு என்றால் ரப்பரையும் சுவிட்சையும் சென்சாரையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், மாற்றினால் பழைய போர்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லாமிங்டன் ரோடு பக்கம் போர்டு ரிப்பேர் பார்ப்பவர்களிடம் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்கலாம். பில் கொடுக்க மறுத்தாலோ, பாகம் கிடைக்காது புதிதாக வாங்குங்கள் என்று கம்பெனி கையை விரித்தாலோ, நுகர்வோர் உதவி எண் 1915. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளமும் இருக்கிறது, பதிவு செய்திருக்கும் கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாக விவரங்களை அதில் பார்த்துக்கொண்டு பேசப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.